மரங்கொத்திப் பொந்தை அடைக்கலாமா?

கேள்வி: மாந்தோப்பில் காய்ந்துபோன கிளை ஒன்றில் மரங்கொத்தி ஜோடி பொந்து போட்டிருக்கிறது. உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்கிறது. மரம் கெட்டுவிடுமா? பொந்தை சிமென்ட் வைத்து அடைக்கலாமா, கிளையை வெட்டிவிடலாமா?

- வாசகர், திருத்தணி

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். சில வாரங்கள் பொறுத்தால் போதும்.

திருத்தணி வட்டாரத் தோப்புகளிலும் பனை வரிசைகளிலும் அதிகம் காணப்படுவது பொன்முதுகு மரங்கொத்தி. முதுகு பொன் மஞ்சள், கொண்டை சிவப்பு. நல்ல மரத்தை இது கெடுப்பதில்லை. உளுத்த, காய்ந்த பகுதியில்தான் பெரும்பாலும் பொந்து குடையும். ஆகவே பொந்து விழுந்த கிளை ஏற்கெனவே பட்டுப்போனது என்று வைத்துக்கொள்ளலாம். எறும்பும், மரத்துக்குள் இருக்கும் வண்டுப் புழுக்களும் இதன் இரை.

பொந்தின் வாய் நேராக உள்ளே போய், பிறகு கீழ்நோக்கி இறங்கும். வழக்கமாக மூன்று வெள்ளை முட்டைகள். சுமார் 11 நாளில் பொரியும். அப்போது குஞ்சுகளுக்கு இறகும் இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. பொரித்து சுமார் 20 நாளில் பறந்துவிடும்.

உள்ளே என்ன நிலை என்பதை வெளியில் இருந்தே அறியலாம்:

* மரத்தடியில் புதிய மரச்சிராய் கிடந்தால், பொந்து குடையும் வேலை நடக்கிறது.
* தாயும் தந்தையும் சத்தமில்லாமல் மாறி மாறி உள்ளே தங்கினால், அடைகாக்கின்றன.
* இரையோடு பொந்துக்குள் நுழைந்து வெளியேறினால், குஞ்சுகள் சிறியவை.
* குஞ்சு வாயிலில் தலை நீட்டி, பெற்றோர் வெளியே தொற்றியபடி ஊட்டினால், பறக்கும் நாள் நெருங்கிவிட்டது.

தள்ளி நின்று பாருங்கள். ஏணி வைத்து ஏறுவது, டார்ச் அடிப்பது, கையை விடுவது கூடாது. தொந்தரவு மிகுந்தால் பெற்றோர் கூட்டைக் கைவிடக்கூடும். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் அழிப்பது 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தொடர்ந்து சில நாள் பறவை வந்து போகாவிட்டால் குஞ்சுகள் போய்விட்டன என்று பொருள். ஆனாலும் உடனே வெட்ட வேண்டியதில்லை. பழைய பொந்தில் மைனா, கிளி, புள்ளி ஆந்தை குடியேறும். புள்ளி ஆந்தை பூச்சிகளோடு எலியையும் பிடிக்கும். கிளை வீட்டின் மேலோ நடைபாதையிலோ விழும் நிலையில் இருந்தால் மட்டும், பொந்து காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு வெட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அடிமரத்தில் சிறு துளையும் மரத்தூளும் தெரிந்தால் அது மரங்கொத்தியின் வேலையல்ல, தண்டுத் துளைப்பான். அந்தத் துளையில் வளைந்த கம்பியை விட்டுப் புழுவை வெளியே எடுத்துவிட வேண்டும்.