ஏழு, எட்டு, ஏழு, ஏழு

பெரம்பூரில் அந்தத் தெருவுக்குப் போய் அவர் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது. 'ஹாக்கி தாத்தா வீடு எது?' என்று கேட்டால் இஸ்திரி வண்டிக்காரர்கூட கை காட்டுவார். ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வயது எழுபத்திரண்டு. கிரிக்கெட் நடக்கும் நாளில் தெருவே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அவர் மட்டும் மொட்டை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

வீட்டு ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட பழைய பத்திரிகைப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. நீளமான தலைமுடி பறக்க, குனிந்தபடி மட்டையோடு ஓடிக்கொண்டிருக்கிறார் தன்ராஜ் பிள்ளை. வருடத்துக்கு ஒருமுறை வெள்ளை அடிக்கும்போது மட்டும் அந்தப் படம் ஆணியிலிருந்து இறங்கும்.

அந்த வீட்டில் போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பிரச்னை.

பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஹாக்கி அணியில் ஃபார்வர்டு. அன்று அரையிறுதியில் அவள் அணி 0-4 என்று தோற்றுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். காலில் கட்டும் ஷின் கார்டை பால்கனியில் வீசினாள். மறுநாள் காலையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருக்கிறது.

"நாளைக்கு நான் போகலை."

"ஏம்மா?"

"மூணாவது இடத்துக்கு எதுக்கு தாத்தா ஆடணும்? தோத்தாச்சு. முடிஞ்சுபோச்சு."

தாத்தா பதில் சொல்லவில்லை. காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த மௌனம்தான் அவளை இன்னும் சீண்டியது போலிருக்கிறது. ஹாலில் இருந்த படத்தைக் காட்டிக் கேட்டாள். "எப்பப் பார்த்தாலும் தன்ராஜ் தன்ராஜ்னு சொல்றீங்களே, அவர் ஒலிம்பிக்ல என்ன வாங்கினாரு?"

"ஏழு, எட்டு, ஏழு, ஏழு."

"என்ன தாத்தா, போன் நம்பரா?"

போன் நம்பர் இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஏழாம் இடம். 1996 அட்லாண்டாவில் எட்டு. 2000 சிட்னியில் ஏழு. 2004 ஏதென்ஸில் மறுபடியும் ஏழு. நான்கிலும் ஆடியவர் தன்ராஜ். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் டிராபி என்று இந்தியாவுக்காக 339 சர்வதேச ஆட்டங்கள். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் ஒன்றுகூட இல்லை.

புனே பக்கத்தில் கட்கி என்ற ஊரில், ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அவர். அப்பா அங்கே மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். உடைந்த மட்டைகளை வைத்து மண் தரையில் ஆடப் பழகியவர், 1989ல் இந்திய அணிக்கு வந்தார். அவர் வந்த நேரம் நல்ல நேரமில்லை. 1928 முதல் 1980 வரை எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணிதான். ஆனால், எட்டாவது தங்கத்தை மாஸ்கோவில் சென்னைக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வாங்கியதோடு சரி. 1976 மான்ட்ரியலில் செயற்கைப் புல்தரை வந்ததுமே ஆட்டம் மாறத் தொடங்கிவிட்டது. புல்தரையில் பந்தை வளைத்து நெளித்துக் கொண்டுபோகும் கலையைவிட வேகமும் உடல் வலுவும் பெரிதாகின. ஐரோப்பாவில் செயற்கைத் தரைகள் பெருகியபோது, இங்கே அவற்றை விரல்விட்டு எண்ணலாம்.

தாத்தா அவரை நேரில் பார்த்தது 1996 டிசம்பரில். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் சாம்பியன்ஸ் டிராபி நடந்தது. ஷிஃப்ட் முடிந்து அப்படியே ரயில் பிடித்துப் போய் கேலரியில் உட்கார்ந்துவிடுவார். தன்ராஜிடம் பந்து வந்தால் போதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்றே தெரியாது, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். மட்டையிலேயே பந்தை ஒட்டவைத்ததுபோல் ஓடுவாராம். "நாலு பேர் மறிப்பாங்க. இவர் நிக்க மாட்டார்" என்பது தாத்தா அடிக்கடி சொல்வது. குறையையும் அவரே சொல்வார். "கோபம் ஜாஸ்தி. சில நேரம் பாஸ் கொடுக்க வேண்டிய இடத்துல கொடுக்காம பந்தை வெச்சுக்குவார். அதுக்கு நானே கேலரியில திட்டியிருக்கேன்."

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் கேப்டன். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை டைபிரேக்கரில் வென்று தங்கம். 32 வருடங்களுக்குப் பிறகு வந்த ஆசிய விளையாட்டுத் தங்கம் அது. பெரம்பூரில் அன்றைக்குத் தெருவுக்கே சாக்லேட் கொடுத்தார் தாத்தா. அடுத்து வந்த செய்தி அவருக்குப் புரியவே இல்லை. தங்கம் வாங்கிய கேப்டனும் சீனியர் வீரர்கள் சிலரும் அணியில் இல்லை. ஓய்வு கொடுத்திருப்பதாகச் சொல்லப்பட்டது.

பிறகு மறுபடி அணிக்குள் வந்து, சிட்னிக்குப் போனார். போலந்துடன் ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி. இந்தியா 1-0 என்று முன்னணியில் இருந்தது. முடிய இரண்டு நிமிடங்கூட இல்லாதபோது போலந்து ஒரு கோல் அடித்தது. 1-1. அவ்வளவுதான். மாஸ்கோவில் தங்கம் வாங்கிய பாஸ்கரன்தான் அன்றைக்கு அணியின் பயிற்சியாளர். தன்ராஜ் அழுதார். பெரம்பூரில் டி.வி.யை அணைத்துவிட்டு தாத்தா வெளியே போனார். பாட்டி ராத்திரி சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது தனிக் கதை.

"சரி தாத்தா, அதான் தோத்துட்டாங்களே!"

"தோக்கலை. டிரா. ஆனா அன்னிக்கு அது தோல்விதான். அதுக்கப்புறமும் ஆட்டம் இருந்தது. அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் யாருன்னு முடிவு பண்ற ஆட்டம். ஆடினாங்க. ஏழாவது வந்தாங்க."

பேத்தி யோசித்தாள். அவளுக்கும் ஹாக்கி தெரியும். 2025 டிசம்பரில் எழும்பூரில் ஜூனியர் உலகக் கோப்பையை தாத்தாவோடு பார்த்தவள். அரையிறுதியில் இந்தியா ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றதைப் பார்த்துவிட்டு உம்மென்று வந்தாள். மூன்று நாள் கழித்து மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது அர்ஜென்டினா 2-0. அதற்குப் பிறகு இந்தியா நான்கு கோல் அடித்து 4-2 என்று வென்றது. அன்றைக்குக் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"டோக்கியோலயும் அதே கதைதான்" என்றார் தாத்தா. "பெல்ஜியத்துகிட்ட 2-5. அடுத்த ஆட்டத்துல ஜெர்மனிகிட்ட 1-3ன்னு பின்தங்கி, 5-4ன்னு ஜெயிச்சாங்க. 41 வருஷம் கழிச்சு மெடல். கடைசி நொடியில ஸ்ரீஜேஷ் தடுத்துட்டு கோல் போஸ்ட் மேல ஏறி உட்கார்ந்தாரே, ஞாபகம் இருக்கா? பாரிஸ்லயும் அரையிறுதியில தோத்து, அப்புறம் ஸ்பெயினை ஜெயிச்சுதான் வாங்கினாங்க. வெள்ளி வாங்குறவங்க கடைசி ஆட்டத்துல தோத்துட்டு மேடை ஏறுவாங்க. வெண்கலம் வாங்குறவங்க ஜெயிச்சுட்டு ஏறுவாங்க."

இந்த இடத்தில் பேத்தி சம்மதித்திருக்க வேண்டும். சம்மதிக்கவில்லை.

"அவங்களுக்கு மெடல் இருந்தது தாத்தா. ஏழாவது இடத்துக்கு ஆடினா என்ன கிடைக்கும்? தன்ராஜுக்கு என்ன கிடைச்சது?"

தாத்தாவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 2002 கொலோன் சாம்பியன்ஸ் டிராபியில் தொடரின் சிறந்த வீரர் விருது கிடைத்தது. 2003ல் அவர் தலைமையில் இந்தியா முதல்முறையாக ஆசியக் கோப்பையை வென்றது, அதுவும் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 4-2 என்று வென்று. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஏதென்ஸ் இருக்கிறது. 36 வயதில் நான்காவது ஒலிம்பிக். பெரும்பாலும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மறுபடியும் ஏழு. அவரது வாழ்க்கை வரலாற்று நூலின் தலைப்பே 'ஃபர்கிவ் மீ அம்மா'. என்னை மன்னித்துவிடு அம்மா.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்" என்றார் கடைசியில். "அவருக்கு என்ன கிடைச்சதுன்னு எனக்குத் தெரியலை. எனக்குக் கிடைச்சதைச் சொல்லலாம். சிட்னிக்கு அப்புறம் இனிமே ஹாக்கியே பார்க்கிறதில்லைன்னு இருந்தேன். அவ்வளவு வலி. அந்த ஆளே மட்டையைத் தூக்கிட்டு மறுபடி இறங்குறார், டி.வி. போடறதுக்கு நமக்கென்ன கேடுன்னு தோணிச்சு. 2008ல பெய்ஜிங்குக்கு நம்ம அணி தகுதியே பெறலை. 2012 லண்டன்ல பன்னிரண்டு அணியில பன்னிரண்டாவது. அப்பவும் பார்த்தேன். விட்டிருந்தா டோக்கியோ அன்னிக்கு நான் செடிக்குத்தான் தண்ணி ஊத்திட்டு இருந்திருப்பேன்."

பேத்தி எதுவும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போதும் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு பால்கனிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பனியில் நனைந்திருந்த ஷின் கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தில் அவள் அணி 1-2 என்று தோற்றது. அந்த ஒரு கோலும் அவள் அடித்ததில்லை. பாஸ் கொடுத்தது மட்டும் அவள். திரும்பி வரும்போது பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாத்தா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பெரம்பூர் வந்து இறங்கும்போது அவளே வாயைத் திறந்தாள்.

"தாத்தா, அந்த நம்பரைச் சொல்லுங்க."

"ஏழு, எட்டு, ஏழு, ஏழு."

"எனக்கு நாலு."

"1996ல எழும்பூர்ல அவங்களும் நாலாவதுதான்" என்றார் தாத்தா. "இறங்கு, மட்டையை விட்டுட்டுப் போயிடாதே."