பனச்சேல் வீட்டுச் சிம்மாசனம்

டிசம்பர் இறுதியில் ஃபோர்ட் கொச்சியில் கார்னிவல் களைகட்டிவிடும். 1984-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அவ்விழாவின் உச்சம், 31-ஆம் தேதி நள்ளிரவில் பாப்பாஞ்சி என்னும் கிழவர் உருவத்தைக் கொளுத்துவதாகும். பள்ளுருத்தியிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாகச் செல்வர். கழியும் ஆண்டின் உருவமே அக்கிழவர் என்பதால் எவரும் வருந்துவதில்லை, ஆரவாரத்துடன் வழியனுப்புகிறோம். ஒரு முதியவர் எப்போது போவார் என்று ஒரு வீடே காத்திருப்பதைக் காட்டிச் சிரிக்கவைத்து, சிரித்ததற்காகக் கூசவும் வைக்கும் படமொன்றை இவ்விடுமுறைக்குப் பரிந்துரைக்க விரும்புகிறேன். அது, திலீஷ் போத்தன் இயக்கிய 'ஜோஜி' என்னும் மலையாளப் படம்.

2021 ஏப்ரலில், ஈஸ்டர் கழிந்த சில நாட்களில், அமேசான் பிரைம் வீடியோவில் வெளியான இப்படத்தின் திரைக்கதையை எழுதியவர் சியாம் புஷ்கரன். மூலம், ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'. நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஸ்காட்லாந்து அரசகுலக் கதை, எருமேலிப் பக்கத்துத் தோட்ட வீடொன்றில் வந்து குடியேறுகிறது. சூனியக்காரிகள் இல்லை, படையெடுப்பு இல்லை. கிரீடத்திற்குப் பதில் சொத்து இருக்கிறது.

பனச்சேல் குட்டப்பன் செல்வர், முதியவர், உடல் வலிமை மிக்கவர். மூன்று மகன்களும் அவர் குரலுக்கு நடுங்குவர். இளையவன் ஜோஜி, பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவன். வெளிநாடு சென்று செல்வந்தனாகும் கனவில் வாழ்பவன். ஃபகத் ஃபாசில் இவ்வேடத்திற்கெனவே மெலிந்து நிற்பதுபோல் தோன்றுகிறார். ஒருநாள் குளத்திலிருந்து மோட்டாரை இழுத்துத் தம் வலிமையைக் காட்டும் குட்டப்பன் பக்கவாதம் தாக்கி வீழ்கிறார். மருத்துவமனையில் நம்பிக்கை குறைவு என்கிறார்கள். இளைய மகன்கள் இருவருடைய முகங்களையும் அப்போது கவனியுங்கள். கவலையோடு ஒரு கணக்கும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பிழைத்துவிடுகிறார், அவ்வீட்டின் துக்கம் அதுதான்!

சீமாட்டி மேக்பெத்தின் இடத்தில் இரண்டாம் மருமகள் பின்சி நிற்கிறார். அரசியின் ஆவேசம் எதுவுமில்லை. சமையலறையில் வேலை பார்த்தபடியே, சில சொற்களால் காரியத்தை நகர்த்துகிறார். உண்ணிமாயா பிரசாத்தின் அந்த அமைதிதான் படத்தில் என்னை மிகவும் அச்சுறுத்தியது. இசை மட்டும் சில இடங்களில் தேவைக்கு மேல் ஒலிக்கிறது.

மூலத்திலிருந்து படம் விலகுமிடம் முக்கியமானது. நாடகத்தில் கொலையுண்ணும் டங்கன் நல்லரசன். குட்டப்பனோ கொடுமைக்காரர். ஆகவே தொடக்கத்தில் நம் மனம் ஜோஜியின் பக்கமே சாய்கிறது. 'இவனும் பாவம், என்ன செய்வான்' என்று எண்ணத் தொடங்கும்போதே நாமும் அவனுக்குக் கூட்டாளியாகிவிடுகிறோம்.

வங்கி அலுவலன் என்ற முறையில் எனக்கு வேறொன்றும் உறுத்தியது. அவ்வீட்டில் சொத்தைப் பற்றி எவரும் வெளிப்படையாகப் பேசுவதே இல்லை. தந்தை சொல்லமாட்டார், மகன்கள் கேட்கமாட்டார்கள். கிளைக்கு வரும் குடும்பங்களிலும் இந்த மௌனத்தைக் காண்கிறேன். தந்தை மறைந்த பின், பாஸ்புக்கைக் கையில் ஏந்தி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பர். நாமினியாகப் பெயர் இருந்தால் பணம் தமக்கே என்று ஒருவர் நினைத்திருப்பார். நாமினி, பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்பவரே அன்றி உரிமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாக்கியது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நாமினியாகக் குறிக்கலாம். அதன் பின்னும், யாருக்கு எது என்பதை உயிலே சொல்ல வேண்டும்.

உயிரோடிருக்கும்போதே பகிர்ந்து கொடுத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பர். அப்படிக் கொடுத்துவிட்டுப் புயலில் அலைந்த லியர் அரசனையும் எழுதியவர் அதே ஷேக்ஸ்பியர்தான். கொடுப்பது வேறு, பேசுவது வேறு.

படம் இரண்டு மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவு. முற்பகுதி மெல்ல நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிறுவர்கள் உறங்கிய பிறகு பார்ப்பது நல்லது. வீட்டில் முதியவர் இருப்பின் அவரையும் அழைத்து அமரவையுங்கள். குட்டப்பன் தரப்பு நியாயத்தை எடுத்துச் சொல்ல ஒருவரேனும் வேண்டுமல்லவா?