தீயணைப்பு வண்டி நுழையுமா?

2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் தீப்பிடித்த பல மாடித் துணிக்கடை ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. பிறகு கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. இதை நினைத்தால், குடியிருப்புப் பகுதியை வணிகப் பகுதியாக்குவது வரைபடத்தில் நிறம் மாற்றுகிற வேலை மட்டுமல்ல. அந்தத் தெருவில் தீயணைப்பு வண்டி நுழையுமா என்பதும் அதற்குள் அடக்கம். அதைத் தெருக்காரர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் 2022 விதிகளின்படி நகர வார்டுகளில் மக்கள் கூடிப் பேச அமைந்த பகுதி சபைகள் எதற்கு, சாக்கடை அடைப்பைப் பேச மட்டுமா? நாளிதழில் அறிவித்து ஆட்சேபம் கேட்கிறோமே என்பார்கள் அதிகாரிகள். அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? சபையிடம் விட்டால் எதையும் கட்டவிடமாட்டார்கள் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆகவே தடுக்கும் அதிகாரம் வேண்டாம். பாதுகாப்பு பற்றிச் சபை கேட்பதற்கு எழுத்தில் பதில் தராமல் மாற்றம் செல்லாது என்றால் போதும்.