போத்தலில் அடைத்த ஆண்மை

எம்மவர் மத்தியில் வாய்விட்டுப் பேசப்படும் நோய்களும் உண்டு. பேசப்படாத நோய்களும் உண்டு. சலரோகத்தைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் திருமண மண்டபத்தில் அடுத்த கதிரையில் அமர்ந்திருப்பவரிடம்கூடக் கூறிவிடுகிறோம். ஆனால் உடல் சோர்ந்து, உள்ளம் வாடி, இல்லறத்தில் நாட்டம் குன்றிப் போவதை ஓர் ஆண் தன் உடன்பிறந்தானிடமும் கூறுவதில்லை. அந்த மௌனத்தின் மீது ஒரு வணிகம் செழித்து வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றியே இன்று எழுத விழைகிறோம்.

அண்மையில் நண்பர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்வது ஒரு வேலை. மாலை முதல் நள்ளிரவு வரை உணவகத்தில் கோப்பை கழுவுவது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே விட்டுவிட்டுத் தூக்கம். மணமாகி ஆறு ஆண்டுகளாகியும் மகப்பேறு இல்லை. நெடுநேரம் தயங்கிய பின், குதிரைப் படம் ஒட்டிய போத்தல் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்தார். “சேர், இது நல்லதா?” என்றார். இரண்டு நாட் சம்பளத்தை விழுங்கிய அந்தப் போத்தலின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அதன் மேலே எழுதப்பட்டிருக்கவில்லை. எமக்கு நகைக்கத் தோன்றவில்லை. விரிவுரை மண்டபத்தை விட்டு வந்த புதிதில் நாமும் அதே கோப்பைகளைக் கழுவியவர்களே. அதே சோர்வைச் சுமந்தவர்களே.

ஆணின் உடலில் ரெஸ்ரோஸ்ரெரோன் என்னும் ஓமோன் பெரும்பாலும் விதைகளில் சுரக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று ஆணையிடுவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி. தசைக்கும் எலும்புக்கும் குருதிக்கும் இச்சைக்கும் மனவூக்கத்துக்கும் இவ்வோமோன் வேண்டும். நடுவயதின் பின் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் அது மெல்லக் குறைவது இயற்கை. அதனை அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது, முப்பது வயதிலேயே எம் வாழ்க்கைமுறை அதனைக் கீழே தள்ளிவிடுவதைத்தான்.

இளமையைப் போத்தலில் தேடும் ஆசை புதிதன்று. 1889இல் பரிஸ் மாநகரில், 72 வயதான பேராசிரியர் பிறவுண் செக்குவார், நாயினதும் கினிப்பன்றியினதும் விதைகளிலிருந்து பெற்ற சாற்றைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டு, இழந்த வலு மீண்டதென அறிஞர் சபையில் அறிவித்தார். உலகெங்கும் அச்சாறு விலைபோயிற்று. 2002இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே முறையில் சாற்றைத் தயாரித்து அளந்து பார்த்தபோது, எவ்விதப் பயனும் தர இயலாத அளவுக்கு அதிலிருந்த ஓமோன் சொற்பமாக இருந்தது. பேராசிரியர் கண்டது தம் நம்பிக்கையின் பலனையே. நூற்றாண்டு கடந்தும், அதே நம்பிக்கையே எம் நண்பரின் போத்தலிலும் அடைக்கப்பட்டிருக்கிறது.

நெருஞ்சிலைச் சாப்பிட்டால் ஓமோன் உயரும் என்பார்கள். ஆரோக்கியமான ஆண்களிடம் நடத்திய சோதனைகள் அதனை மெய்ப்பிக்கவில்லை. அமுக்கராவுக்குச் சிறிதளவு பயன் உண்டெனச் சில சிறு ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் அதனை உண்டு ஈரல் பாதிப்புற்றோர் உளர். டென்மார்க் 2023இல் அதனைத் தடைசெய்தது. ‘இயற்கை’ எனப் பெயரிட்ட மாத்திரைகள் பலவற்றில் சொல்லாமற் கலந்த இரசாயன மருந்துகள் அகப்பட்டுள்ளன. இருதய நோய்க்கு மருந்துண்பவருக்கு இக்கலப்படம் உயிராபத்தாகவும் முடியலாம்.

உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஊசிகளோ இன்னும் கொடியவை. வெளியிலிருந்து ரெஸ்ரோஸ்ரெரோனை ஏற்றியதும், ‘போதிய அளவு இருக்கிறது’ என எண்ணிக் கபச்சுரப்பி தன் ஆணையை நிறுத்திவிடுகிறது. விதைகள் ஓய்ந்து சுருங்குகின்றன; விந்தணு உற்பத்தி அருகிப் போகிறது. இதே காரணத்தால், வாரம் ஒரு ரெஸ்ரோஸ்ரெரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனம் ஏழு நாடுகளில் பரிசோதித்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டது. பிள்ளை வேண்டி ஏங்கும் ஒருவர் ஆண்மைக்கென இவ்வூசியை ஏற்றிக்கொள்வதைவிடத் துயரமான முரண் வேறென்ன?

அப்படியாயின் இயற்கையான வழி எது? முதலாவது தூக்கம். 2011இல் சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆரோக்கியமான பத்து இளைஞர்களை எட்டு இரவுகள் ஐந்து மணி நேரம் மட்டுமே உறங்கச் செய்தனர். அவர்களின் பகல்நேர ஓமோன் அளவு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை சரிந்தது. ஒரே வாரத்தில் அவர்கள் இழந்ததை இயற்கை பத்தாண்டுகளில் எடுத்திருக்கும். எம்மவரோ வாரக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் அவ்வாறு வாழ்கின்றனர்.

இரண்டாவது வயிறு. கொழுப்பு இழையத்திலுள்ள நொதியம் ஒன்று ரெஸ்ரோஸ்ரெரோனை ஈஸ்ரோஜனாக மாற்றுகிறது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரைக் கடப்பது ஆபத்தின் அடையாளம். ஐரோப்பியருக்கு அது 94. நள்ளிரவு வேலை முடிந்து வந்து பாத்திரம் நிறையச் சோறுண்டு உடனே படுப்பதைக் கைவிடலாம். சோற்றைக் குறைத்துப் பருப்பு, மீன், கீரை, குரக்கன் ஆகியவற்றைக் கூட்டலாம். வாரத்தில் 150 நிமிட விரைந்த நடையும், இருநாட்களேனும் பளு தூக்கும் பயிற்சியும் போதும். மிகுந்த மதுவும், மோர்பின் வகை வலிநிவாரணிகளை நெடுங்காலம் உட்கொள்வதும் ஓமோனைக் குறைப்பன. ஆயினும் வைத்தியர் தந்த மருந்தை எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது.

இவை எல்லாம் செய்தும் சோர்வு நீங்காவிடின் குடும்ப வைத்தியரை நாட வேண்டும். காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இருமுறை குருதியைச் சோதித்த பின்னரே குறைபாடு உண்டா எனத் துணிய முடியும். இரவு வேலை செய்வோர் தம் உறக்க நேரத்தை வைத்தியரிடம் முன்கூட்டியே கூறவேண்டும். கபச்சுரப்பியில் கட்டி, விதைகளில் காயம் போன்றவை உண்மையான நோய்கள். அவற்றுக்கு மருத்துவம் தேவை. மகப்பேறின்மையில் ஏறக்குறையப் பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. மனைவியை மட்டும் வைத்தியரிடம் அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பது நீதியன்று.

இன்னொன்றையும் கூறாதிருக்க எம்மால் முடியாது. இலண்டனில் சிகிச்சைக்கு வந்த இலங்கைத் தமிழ் ஆண்கள் 184 பேரில் 38 பேர், தடுப்புக் காவலில் தாம் பாலியல் வதைக்கு உள்ளானதாகக் கூறியதை 2000இல் லான்செற் மருத்துவ இதழ் பதிவு செய்தது. அத்தகைய காயத்தோடு வாழ்பவரின் இச்சை குன்றுவதற்கு ஓமோன் காரணமாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் போத்தலும் அதனை ஆற்றாது. செவிமடுக்கும் ஒரு மனிதரும், பயிற்சி பெற்ற ஓர் உளவளத் துணையாளருமே அவருக்குத் தேவை. அவரை ஏளனம் செய்யும் ஒவ்வொரு பகடியும் அவர் வாயை மேலும் இறுக மூடுகிறது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துரைத்தோம். பொறுமையோடு கேட்டிருந்தவர் ஈற்றில் வினவினார்: “தூக்கம் எந்தக் கடையில விக்குது சேர்?”

அக்கேள்வி எம்மை இன்றும் விடவில்லை. முகவருக்குக் கொடுத்த கடனும், ஊரிலுள்ள தங்கையின் திருமணமும் அவரின் உறக்கத்தைப் பறித்தன என்பதை அறிவோம். இவற்றைத் தவிர்க்க முடியாதிருக்கலாம். ஆனால் கடன் தீர்ந்த பின்னரும் இரண்டாவது வேலையை விடாதவர்கள் எம்மில் எத்தனை பேர்? சாமத்தியவீட்டுக்கு மண்டபம், அடுத்த வீட்டாரைவிடப் பெரிய கார் என்று நாம் ஒருவர்க்கொருவர் விதித்துக்கொண்ட வரியை அந்த இரண்டாவது வேலை செலுத்துகிறது. அவ்வரியைக் குறைக்க வைத்தியரால் முடியாது, எம்மால் முடியும். ஒரு கொண்டாட்டத்தைச் சுருக்கினால் ஓர் ஆண் சில மாதங்கள் இரவில் உறங்கலாம்.

போத்தலை நண்பர் எம் மேசையிலேயே விட்டுச் சென்றார். வைத்தியரிடம் மனைவியோடு தாமும் செல்வதாகக் கூறினார். கணவனும் மனைவியுமாக ஒரே கதிரை வரிசையில் காத்திருக்கும் அந்தக் காலைப்பொழுது, எம் சமூகத்துக்கு நல்லதொரு தொடக்கமாக அமையட்டும்.