உத்தியோகஸ்தரை அழைத்தார், துணைவியை மறுத்தார்

ஒரே பாலினத் தம்பதிகளைப் பதிவு செய்வதற்கென்று ஹாங்காங் சர்க்காரே கொண்டுவந்த மசோதாவை அந்நகரின் சட்டசபை 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 10-ந் தேதி நிராகரித்துவிட்டது. எதிர்த்தோர் 71 பேர். ஆதரித்தோர் 14 பேர். இதனால் நேர்ந்த நஷ்டம் யாது என்பதை அறிய விரும்பும் நேயர்கள், அங்கு முன்னர் நடந்த வழக்கொன்றை நோக்குதல் வேண்டும்.

கியூ.டி. என்ற எழுத்துக்களால் மட்டுமே கோர்ட்டில் குறிக்கப்பெற்ற மாது ஒருவர், 2011-ல் இங்கிலாந்தில் மற்றொரு மாதுடன் சிவில் துணைமைப் பதிவு செய்துகொண்டார். 2004-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட அப்பதிவு, விவாகத்துக்குரிய உரிமைகளையும் கடமைகளையும் பெரும்பாலும் தருவது. அத்துணைவிக்கு ஹாங்காங்கில் உத்தியோகம் கிடைத்தது. சர்க்கார் அவரை வரவேற்றனர். கியூ.டி.யோ, பார்வையாளராக வந்து தங்கலாம், வேலை பார்த்தல் கூடாது. குடும்பத்தாருக்குரிய விசாவைக் கோரியபோது, விவாகமான கணவன் மனைவியரே அதற்கு உரியர் என்று குடியேற்ற இலாகா மறுத்துவிட்டது.

திறமைசாலிகளை வரவழைப்பதும், குடியேற்றத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துவதுமே தமது நோக்கம் என்றும், விவாகம் என்பது ஐயத்துக்கு இடமில்லாத எல்லைக்கோடு என்றும் இலாகா வாதித்தது. முதல் நோக்கத்துக்கு இம்மறுப்பு எவ்வாறு துணைசெய்யும் என்பது நமக்கு விளங்கவில்லை. வாழ்க்கைத் துணையை வாசலில் நிறுத்திவிட்டு உத்தியோகத்துக்கு வா என்றால், திறமையுள்ளவர் வேறு நகரத்துக்கன்றோ செல்வார்? எல்லைக்கோட்டு வாதமோ அதனினும் பலவீனமானது. விவாகப் பத்திரத்தைப் பார்த்தறியும் குமாஸ்தா, சிவில் துணைமைப் பத்திரத்தையும் அதே கண்களால் பார்த்தறியலாம். இரண்டும் சர்க்கார் முத்திரை பெற்ற காகிதங்களே. தம்பதிகளின் அந்தரங்கத்தைத் துருவ வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

2016-ல் தோற்று, 2017-ல் அப்பீலில் வென்ற கியூ.டி.யின் பக்ஷமே, 2018 ஜூலை 4-ந் தேதி இறுதி அப்பீல் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். சில உரிமைகள் விவாகத்துக்கே இயல்பாக உரியவை, ஆதலால் பேதம் பாராட்டுவதற்கு நியாயம் கூற வேண்டியதில்லை என்ற வாதத்தையும் அவர்கள் தள்ளினர். வக்கீல் தொழிலை அறிந்த நமக்கு இப்பகுதியே மிக முக்கியமாகத் தோன்றுகிறது. பேதம் செய்பவன் காரணம் கூறக் கடமைப்பட்டவன். வழக்கம் என்ற சொல் காரணமாகாது. அவ்வருஷம் செப்டம்பர் 19 முதல், வெளிநாட்டில் சட்டப்படி பதிவு செய்துகொண்ட துணைவர்களின் மனுக்களையும், அவர்கள் ஆணும் பெண்ணுமாயினும் ஒரே பாலினராயினும், இலாகா ஏற்று விசாரிக்கலாயிற்று.

வெளிநாட்டில் என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். அந்நியதேசப் பத்திரத்தை மதிக்கும் நகரம், தானே ஒரு பத்திரம் தருவதற்கு இசையவில்லை. மாற்று ஏற்பாடு ஒன்றை அமைக்குமாறு அதே கோர்ட்டு 2023 செப்டம்பரில் கட்டளையிட்டு, இரண்டு வருஷ அவகாசமும் கொடுத்தது. அதன் பயனாக வந்த மசோதாவும் மிகக் குறுகியதே. முன்னரே வெளிநாட்டில் பதிவு செய்திருப்போருக்கு, வைத்திய விஷயங்களிலும் மரணத்துக்குப் பிந்திய காரியங்களிலும் சில உரிமைகள், அவ்வளவுதான். அதையுங்கூட 71 அங்கத்தினர்கள் பொறுக்கவில்லை.

வெளிநாட்டுப் பத்திரம் பெற வழியில்லாத உள்ளூர்வாசி தம் அயல்நாட்டுத் துணையை எந்த உரிமையின்பேரில் அருகில் வைத்துக்கொள்வது? இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு எதிர்த்து வோட்டளித்த அங்கத்தினர்களையே சார்ந்தது. வேறொரு மசோதாவைச் சர்க்கார் தாமதமின்றிக் கொண்டுவருதல் வேண்டும். அதில் வெளிநாட்டுப் பதிவை நிபந்தனையாக வைத்தல் ஆகாது.