எங்கும் போகாத டிக்கெட்

விண்வெளிச் சுற்றுலா என்று பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் செல்போனைத் தூக்கிக் காட்டிவிடுவார். வருகிற அழைப்புக்கே காசு பிடித்த காலம் ஒன்று இருந்தது, இன்று காய்கறி வண்டிக்காரர் வீடியோ காலில் பேசுகிறார், இதுவும் அப்படித்தான் மலியும் என்பார். பக்கத்தில் இருப்பவர் விமானத்தைத் துணைக்கு அழைப்பார். கோடீஸ்வரர்கள் இன்று கொட்டும் பணத்தில்தான் நாளை நம் பேரப்பிள்ளைகள் பறக்கப்போகிறார்கள் என்று பேச்சு முடியும். கேட்பதற்கு இதமான கணக்கு. இருபது வருடமாகப் போட்டும் விடைதான் வரவில்லை.

ரிச்சர்ட் பிரான்சன் 2004இல் விர்ஜின் கேலக்டிக்கைத் தொடங்கியபோது சொன்ன டிக்கெட் விலை 2 லட்சம் டாலர். சொன்ன கெடு மூன்றே வருடம். 2013இல் விலை 2.5 லட்சம் ஆனது. 2021இல் 4.5 லட்சம். பிறகு 6 லட்சம். டாலரின் மதிப்பு தேய்ந்ததைக் கழித்துப் பார்த்தாலும் ஏற்றம்தான், இறக்கம் இல்லை. கட்டணப் பயணம் தொடங்கியதே 2023 ஜூனில். அதற்கு ஆறு வாரம் கழித்து ஏறினார் ஜான் குட்வின். 1972 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காகப் படகு வலித்தவர். அவர் டிக்கெட் வாங்கியது 2005இல். ஏறும்போது வயது 80. இந்தச் சந்தையில் 95,000 டாலருக்கே கொண்டுபோகிறோம் என்று கூவிய எக்ஸ்கோர் என்ற நிறுவனமும் இருந்தது. அதன் லிங்க்ஸ் கலம் ஒருமுறைகூடப் பறக்கவில்லை. 2017இல் நிறுவனம் திவால்.

விமானக் கதையும் இப்படித்தானே தொடங்கியது என்று கேட்கலாம். இல்லை. நாள் குறித்து, நேரம் குறித்து விமானத்தில் ஆளேற்றும் சேவை முதன்முதலில் தொடங்கியது 1914 ஜனவரி 1 அன்று, அமெரிக்காவின் புளோரிடாவில். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வளைகுடாவைத் தாண்டி டாம்பாவுக்கு 23 நிமிடம். முதல் இருக்கையை ஏலம் விட்டார்கள். ஊரின் முன்னாள் மேயர் 400 டாலருக்கு எடுத்தார். அதன்பின் வழக்கமான கட்டணம் 5 டாலர். ஒரு நேரத்தில் ஒரே ஒருவரைச் சுமக்கக்கூடிய அந்தப் படகு விமானச் சேவை நாலு மாதத்தில் 1,205 பேரை அக்கரை சேர்த்தது. (பிறகு மூடிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) விர்ஜின் கேலக்டிக்கின் யூனிட்டி கலம் ஓடிய மொத்தக் கட்டணப் பயணங்கள் ஏழு. அதில் போனவர்களை எண்ணினால் முப்பது தேறாது.

ஏலம் இந்தக் காலத்திலும் நடந்தது. ஜெஃப் பெசோஸின் ப்ளூ ஆரிஜின் 2021 ஜூலையில் பறந்த தன் முதல் மனிதப் பயணத்தில் ஒரு இருக்கையை ஏலம் விட, 2.8 கோடி டாலருக்குப் போனது. அந்த 400 டாலருக்குப் பின்னால் 5 டாலர் வந்ததுபோல் இங்கே எதுவும் வரவில்லை. சாதாரண இருக்கைக்கு இவ்வளவு என்று அந்த நிறுவனம் விலைப்பட்டியல் ஒட்டியதே கிடையாது.

வேறுபாடு எங்கே இருக்கிறது? டாம்பாவில். அக்கரையில் ஒரு ஊர் இருந்தது. கப்பலில் இரண்டு மணி நேரமாகும் இடத்துக்கு 23 நிமிடத்தில் போக ஆசைப்பட்ட வியாபாரியும் வக்கீலும் இருந்தார்கள். பின்னால் தபால் மூட்டை வந்தது, சரக்கு வந்தது. தினம் தினம் போய் வர வேண்டிய கட்டாயம் இருந்ததால் விமானம் பெருத்தது, பெருத்ததால் மலிந்தது. செல்போனும் அப்படித்தான்: பேச ஆள் இருந்தது.

யூனிட்டிக்கு டாம்பா கிடையாது. தாய் விமானம் அதைச் சுமந்து சுமார் 14 கிலோமீட்டர் உயரத்தில் கழற்றிவிடும். ராக்கெட் ஒரு நிமிடம் எரியும். ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் மேலே பாய்ந்து 85 கிலோமீட்டர் சொச்சத்தைத் தொடும். மூன்று நான்கு நிமிடம் மிதப்பு. பிறகு சறுக்கிக்கொண்டு வந்து, கிளம்பிய ஓடுபாதையிலேயே இறங்கும். ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுவதை நம் ஊர்த் திருவிழாவில் ராட்டினம் என்போம். ராட்டினத்தில் தவறு ஒன்றுமில்லை. அதை ரயில் என்று சொல்லி விற்பதில்தான் தவறு.

மேலே போனால் புவியீர்ப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்கள் என்பதும் இந்த மயக்கத்தின் துணைப் பொய். அந்த உயரத்தில் தரையில் உள்ள ஈர்ப்பில் 97 சதவீதம் அப்படியே இருக்கிறது. கலமும் ஆளும் சேர்ந்து விழுகிறார்கள். அந்த விழுதலைத்தான் மிதப்பென்று உணர்கிறார்கள். பூமியைச் சுற்றி வர வேண்டுமானால் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஆகும் ஆற்றல் இந்தத் தாவலுக்கு ஆவதைப்போல் 30 மடங்குக்கும் மேல். மொட்டை மாடியில் குதித்துப் பழகினால் நாளைக்கு மலையேறிவிடலாம் என்பது போன்றதுதான் ‘இது முதல் படி’ என்ற வாதம். அந்தப் படியையும் 1961இலேயே விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் ஏறிவிட்டார். 1963இல் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தில் ஜோ வாக்கர் இரண்டு தரம் 100 கிலோமீட்டரைத் தாண்டினார்.

சில நிமிட எடையின்மை ஆராய்ச்சிக்கு உதவும் என்பது மெய். இந்தக் கலங்களில் பரிசோதனைக் கருவிகளும் போயிருக்கின்றன. ஆனால் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் 1963 நவம்பரில் ஏவினார்களே, அந்தச் சிறு ராக்கெட் வகை, ஆளையே ஏற்றாமல் அப்படிப்பட்ட வேலையைக் காலங்காலமாகச் செய்து வருகிறது.

நாமும் ஒருநாள் போவோம் என்ற இந்த நம்பிக்கைக்கு வயதும் ஆகிவிட்டது. 1960களின் கடைசியில் பான் ஆம் விமான நிறுவனம் நிலவுப் பயணத்துக்கு முன்பதிவுப் பெயர்களை வாங்கி, வரிசை எண் போட்ட அட்டை கொடுத்தது. 93,000 பேர் பதிந்தார்கள். 1991இல் பான் ஆமே மூடிவிட்டது.

‘பயணம்’ என்ற சொல்லை அமெரிக்கச் சட்டமே நம்பவில்லை. 2004இல் திருத்தப்பட்ட சட்டத்தில் இவர்களுக்குப் பயணி என்ற பெயர் கிடையாது; ‘விண்பறப்பில் பங்கேற்பவர்’. ஏறுமுன், இந்தக் கலம் பாதுகாப்பானது என்று அரசு சான்றளிக்கவில்லை என எழுத்தில் சொல்லி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஏறியவரின் பாதுகாப்புக்கென விதி வகுக்க அன்று போட்ட தடையைத் திரும்பத் திரும்ப நீட்டித்தும் வந்தார்கள். இத்தனைக்கும் விர்ஜின் கேலக்டிக்கின் இந்த ஒரு ரகக் கலத்தின் வளர்ச்சிப் பாதையில் நாலு உயிர் போயிருக்கிறது: 2007இல் மொஹாவியில் நடந்த சோதனை வெடிப்பில் மூன்று ஊழியர்கள், 2014 அக்டோபர் 31 அன்று யூனிட்டிக்கு முந்தைய கலம் வானில் உடைந்தபோது துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி. நம் ஊர் டவுன் பஸ்ஸில்கூட இப்படி எழுதி வாங்கிக்கொண்டு ஏற்றுவதில்லை.

பணம் பணக்காரருடையது, நமக்கென்ன என்று ஒதுங்கவும் முடியாது. யூனிட்டி பறந்த, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உள்ள ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா என்ற தளத்தைக் கட்டியது பொதுப் பணம், சுமார் 22 கோடி டாலர். டோனா ஆனா, சியரா என்ற இரண்டு கவுண்டிகளில் மக்கள் வாக்களித்துத் தங்கள் தலையிலேயே வரி போட்டுக்கொண்டார்கள்: 100 டாலர் வியாபாரத்துக்கு 25 சென்ட். வேலை வரும், சுற்றுலாக்காரர் வருவார்கள் என்றார்கள். 2024 ஜூன் 8 அன்று யூனிட்டி கடைசியாகப் பறந்தது. அதன்பின் அடுத்த ரகக் கலம் தயாராகட்டும் என்று நிறுவனம் பறத்தலை நிறுத்திவைத்தது. அங்கே 12,000 அடி நீள ஓடுபாதை வெயிலில் கிடந்தது. பக்கத்து ஊரில் சாப்பாட்டுக் கடை பில்லில் அந்தக் கால் டாலர் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.