அரிய சிதைவைக் கைவிடலாமா?

பத்தாயிரம் கோடி நேர்மின் கேயான்கள் சிதைந்தால், ஏறத்தாழ 13 மட்டுமே ஒரு பையானாகவும் நியூட்ரினோ இணையாகவும் மாறுகின்றன. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் என்ஏ62 சோதனை 2024 செப்டம்பரில் அறிவித்த அளவீடு இது. நடப்பிலுள்ள துகள் இயற்பியல் கோட்பாடு எதிர்பார்ப்பதோ சுமார் 8.

பிழை வரம்பைக் கருதினால், இந்த வேறுபாட்டைப் புதிய துகளுக்கான சான்றாகக் கொள்ள இயலாது. எனினும், மோதுவிகளால் உருவாக்க முடியாத அளவுக்குக் கனமான துகள்கள் இருந்தால், அவற்றின் தாக்கம் இத்தகைய அரிய சிதைவுகளில் வெளிப்படக்கூடும். ஐயத்தைத் தீர்க்கக் கூடுதல் தரவு வேண்டும்.

ஆனால், கேயான் ஆய்வைத் தொடர முன்மொழியப்பட்ட ஹைக் திட்டத்தை விடுத்து, மறைந்துள்ள துகள்களை நேரடியாகத் தேடும் ஷிப் திட்டத்தை அதே ஆண்டு மார்ச்சிலேயே செர்ன் தேர்ந்தெடுத்துவிட்டது. அதன் பின்னரே இந்த அளவீடு வெளியானது. ஆகவே, கேயான் ஆய்வின் எதிர்காலம் மறுபரிசீலனைக்கு உரியது என்றே கருதுகிறேன்.